ஒரு கோடிப் பேர் படித்தால் நானும் படிக்கிறேன்: எஸ்பெராண்டோ இழை

பழுப்புத்தாள் | டிசம்பர் 15, காலை 6.50

இன்று லுட்விக் சாமென்ஹோஃப் பிறந்த நாள். 1859-இல் பியாலிஸ்டாக் என்ற ஊரில் பிறந்தார். அன்றைக்கு அது ரஷ்யப் பேரரசு, இன்றைக்குப் போலந்து. எஸ்பெராண்டோ மொழியைச் செய்தவர். உலகத்தில் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் எஸ்பெராண்டோக்காரர்கள் இந்த நாளில் அந்த மொழியில் ஒரு புத்தகமாவது வாங்குவதை வழக்கமாக வைத்திருக்கிறார்கள். நான் புத்தகம் வாங்கவில்லை. பழைய தபால்தலை ஆல்பத்தைத் தூசி தட்டி எடுத்தேன். அதனால்தான் இந்த இழை.

எனக்கு இந்த மொழியே தபால்தலை வழியாகத்தான் தெரிய வந்தது. 1927-இல் சோவியத் யூனியன் சாமென்ஹோஃபின் படம் போட்டு ஒரு தலை வெளியிட்டது. அது என் கைக்கு வந்தபோது எனக்குப் பதினாறு வயது. தாடி வைத்த இந்த ஆள் யார், லெனினுடைய கூட்டாளியா என்று யோசித்துக்கொண்டு ஒரு வாரம் திரிந்தேன். கண் டாக்டர் என்று தெரிந்ததும் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அவர் ஊரில் ரஷ்யர், போலந்துக்காரர், ஜெர்மானியர், யூதர் என்று நாலு கூட்டம், நாலு மொழி, ஓயாத பகை. மனிதர்கள் எல்லாரும் சகோதரர்கள் என்று வீட்டில் சொல்லிக் கொடுத்தார்கள். தெருவில் இறங்கினால் மனிதர்களையே காணோம், ரஷ்யனும் போலந்துக்காரனும் ஜெர்மானியனும் யூதனும்தான் இருந்தார்கள் என்று பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதினார். பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோதே பொதுமொழி செய்ய உட்கார்ந்துவிட்டார். இலக்கணம் எளிதாகிவிட்டது, அகராதிதான் மலை மாதிரி வளர்ந்துகொண்டே போனது. அப்போது ஒருநாள் தெருவில் இரண்டு பெயர்ப்பலகைகளைப் பார்க்கிறார். ஒன்று ‘ஷ்வெய்ட்சார்ஸ்கயா’, காவலாள் அறை. இன்னொன்று ‘கொண்டித்தெர்ஸ்கயா’, மிட்டாய்க்கடை. தினமும் பார்த்த பலகைகள்தான். இரண்டுக்கும் ஒரே வால் இருப்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ஒரு வால் இருந்தால் ஒரு சொல்லிலிருந்து பத்துச் சொல் செய்துகொள்ளலாமே! அதற்கப்புறம் அகராதி இளைத்துவிட்டது.

1887 ஜூலை 26-இல் வார்சாவில் 40 பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் வந்தது. ரஷ்ய மொழியில், 16 விதிகளோடு, ஏறக்குறைய 900 வேர்ச்சொற்களோடு. அச்சுக்கூலி மனைவி கிளாராவின் சீதனப் பணத்திலிருந்து. ஆசிரியர் பெயர் இருந்த இடத்தில் ‘டாக்டர் எஸ்பெராண்டோ’ என்று புனைபெயர். மொழிக்கு அவர் வைத்த பெயர் வெறும் ‘சர்வதேச மொழி’தான். ஜனங்கள் டாக்டரின் பெயரைத் தூக்கி மொழிக்கு வைத்துவிட்டார்கள்.

புத்தகத்தின் பின்னால் கிழித்து அனுப்புகிற மாதிரி சீட்டுகள் இருந்தன. ‘இந்த மொழியைப் படிப்பதாக ஒரு கோடிப் பேர் பகிரங்கமாக வாக்குக் கொடுத்தால் நானும் படிப்பேன்’ என்பது அதன் வாசகம். கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டியதுதான்.

நீங்கள் அன்றைக்கு இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பீர்களா?


ஈயப்பாத்திரம் | காலை 8.15

போட்டிருக்க மாட்டேன் சார். தேதி கேட்டால் ‘பிறகு சொல்கிறேன்’ என்பதைப் போன்ற வாக்குறுதி இது. எல்லாரும் படித்தால் நானும் படிப்பேன் என்று எல்லாருமே சொன்னால் யார் படிப்பது? கடைசியில் எத்தனை சீட்டு திரும்பி வந்தது, அதைச் சொல்லுங்கள்.

எங்கள் ஆபீஸில் கொரியாக்காரர் ஒருவர், பிரேசில்காரர் ஒருவர், நான். மூன்று பேரும் ஓட்டை ஆங்கிலத்தில் வேலையை முடித்துவிடுகிறோம். போட்டி முடிந்து கோப்பையைக் கொடுத்து மைதானத்தையும் கூட்டிப் பெருக்கியாகிவிட்டது. நீங்கள் இன்னும் டாஸ் போடலாமா என்று கேட்கிறீர்கள்.


பழுப்புத்தாள் | காலை 8.40

//எத்தனை சீட்டு திரும்பி வந்தது//

ஏறத்தாழ ஆயிரம். ஒரு கோடிக்கு ஆயிரம்! ஆனால் அவற்றில் சில ‘ஒரு கோடியெல்லாம் வேண்டாம், நான் இப்போதே படிக்கிறேன்’ என்று நிபந்தனையை அடித்துவிட்டு வந்தவை. மனிதர் அசரவில்லை. 1889-இல் மொழியைக் கற்றுக்கொண்ட முதல் ஆயிரம் பேருடைய முகவரிகளைச் சிறு புத்தகமாக அச்சிட்டார், ஆளுக்கொரு எண் கொடுத்து. யாரும் யாருக்கும் கடிதம் போடலாம். கோடி வரட்டும் என்று காத்திருக்காமல் வந்த ஆயிரம் பேரை ஒருவரோடொருவர் பேசவிட்டார். தபாலில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான், எனக்கு அந்த முகவரிப் புத்தகம்தான் பிடித்த இடம்.


மூன்றாம்படி | காலை 10.05

நான் இரண்டு வருடம் முன்னால் செல்பேசிச் செயலியில் ஆரம்பித்து, அப்புறம் பழைய பாடப்புத்தகம் ஒன்றைப் பிடித்து ஓரளவு படித்தேன். ஐரோப்பியர்கள் இது ‘நமக்கு எளிது’ என்கிறார்கள். சொற்கள் அவர்களுக்கு எளிது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சொல்லைக் கட்டுகிற விதம் நமக்கு எளிது என்பேன். யாருமே இதைச் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாக.

முதலில் அந்தப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘எஸ்பெர்’ என்றால் நம்பு. ‘ஆன்ட்’ நிகழ்கால இடைநிலை. ‘ஓ’ பெயர்ச்சொல் விகுதி. எஸ்பெர்+ஆன்ட்+ஓ, நம்பு+கிற்+அவன். நம்புகிறவன். எட்டாம் வகுப்பில் தமிழம்மா அடித்துச் சொல்லிக்கொடுத்த வினையாலணையும் பெயர்தான் இது! ‘எஸ்பெரிண்டோ’ என்றால் நம்பியவன். ‘எஸ்பெரோண்டோ’ என்றால் நம்பப்போகிறவன். ஆங்கிலத்தில் இதைச் சொல்ல ஒரு வாக்கியம் வேண்டும், நமக்கு ஒரு சொல் போதும்.

அப்புறம் வேற்றுமை. ‘டோமோ’ வீடு. ‘டோமோய்’ வீடுகள். ‘டோமோய்ன்’ வீடுகளை. ‘ய்’ தான் நம்முடைய ‘கள்’, ‘ன்’ தான் நம்முடைய ‘ஐ’. வரிசை கூட மாறவில்லை.

எனக்குத் தலை சுற்றிய இடம் சுட்டும் வினாவும். நமக்கு அ, இ, எ இருக்கிறதல்லவா? அங்கே இங்கே எங்கே, அப்போது இப்போது எப்போது. சாமென்ஹோஃப் இதே மாதிரி ஒரு அட்டவணை போட்டிருக்கிறார், மொத்தம் 45 சொற்கள். ‘கி’ என்றால் எ, ‘தி’ என்றால் அ. கியே எங்கே, தியே அங்கே. கியாம் எப்போது, தியாம் அப்போது. கியேல் எப்படி, தியேல் அப்படி. கியோம் எவ்வளவு, தியோம் அவ்வளவு. கூடவே ‘நெனி’ என்று ஒன்று, எதுவும் இல்லை என்பதற்கு. நெனியே, எங்கேயும் இல்லை. ஐரோப்பிய மாணவர்கள் இந்த அட்டவணையைப் பார்த்துத்தான் அழுகிறார்கள். நான் ஒரு சாயங்காலத்தில் மனப்பாடம் செய்துவிட்டேன்.

ஒரே சிக்கல், ‘இ’ மட்டும் அந்த அட்டவணையில் கிடையாது. ‘இங்கே’ என்று சொல்ல ‘அங்கே’க்கு முன்னால் ‘ச்சி’ போட வேண்டும். ‘ச்சி தியே’. ஒவ்வொரு தடவை ‘இங்கே இருக்கிறேன்’ என்று சொல்லும்போதும் யாரையோ திட்டுகிற மாதிரியே இருக்கிறது.


கல்வெட்டு | காலை 11.30

மூன்றாம்படி அவர்களே, ‘டோமோய்ன்’ வரைக்கும் சொல்லிவிட்டு நைசாக நிறுத்திவிட்டீர்கள். அடுத்த சொல்லையும் சொல்லுங்கள். ‘அழகான வீடுகளை’ என்பதற்கு எஸ்பெராண்டோவில் ‘பெலாய்ன் டோமோய்ன்’. அதாவது ‘அழகானகளை வீடுகளை’. பெயரடைக்கும் ‘கள்’, பெயரடைக்கும் ‘ஐ’! எளிய மொழி செய்ய உட்கார்ந்தவருக்கு இது எதற்கு? லத்தீனும் கிரேக்கமும் பள்ளிக்கூடத்தில் படித்த பையனால் அந்தப் பழக்கத்தை விட முடியவில்லை.

இன்னொன்று. ‘பாத்ரோ’ அப்பா, ‘பாத்ரீனோ’ அம்மா. அப்பாவுக்குப் பெண்பால் விகுதி ஒட்டினால் அம்மா. உலகத்தில் எந்தக் குழந்தையாவது அம்மாவை ‘அப்பாவி’ என்று கூப்பிடுமா? இப்போது சிலர் ஆண்பாலுக்கும் ஒரு விகுதி வேண்டும், அவன் அவள் இரண்டுக்கும் பொதுவாக ‘ரி’ என்று ஒரு சொல் வேண்டும் என்று கேட்கிறார்கள். பழைய ஆட்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள்.

சொற்கள் பெரும்பாலும் பிரெஞ்சு, இத்தாலி, ஜெர்மன், கொஞ்சம் ரஷ்யன். சீனாக்காரனுக்கும் நமக்கும் அதில் ஒன்றுமில்லை. இதற்கு ‘நடுநிலை மொழி’ என்று பெயர். ஐரோப்பாவுக்குள் நடுநிலை என்று சொன்னால் ஒத்துக்கொள்கிறேன்.

வெறுப்பில் சொல்லவில்லை. ஒரு தனி மனிதர் செய்த மொழி இத்தனை தலைமுறை தாண்டி நிற்பது மொழியியல் படித்தவனுக்கு அதிசயம்தான். அதற்காகப் பிறந்தநாள் வாழ்த்தில் குறைகளை விழுங்க முடியாது.


ஈயப்பாத்திரம் | காலை 11.42

அம்மா என்பது அப்பாவி!!! கல்வெட்டு சார், இந்த இழைக்கு நான் வந்தது வீண் போகவில்லை.


மூன்றாம்படி | பிற்பகல் 12.20

‘பாத்ரீனோ’ விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை. எனக்கும் எரிச்சல்தான்.

ஆனால் அதே விகுதி விளையாட்டின் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். ‘மல்’ என்றால் எதிர்ப்பதம். போனா நல்லது, மல்போனா கெட்டது. ‘சான்’ நலம். ‘உல்’ ஆள். ‘எய்’ இடம். சேர்த்தால் மல்-சான்-உல்-எய்-ஓ, நலமில்லாத ஆட்கள் இருக்கும் இடம், ஆஸ்பத்திரி. ‘மல்சானுலெயோ’. நாலு துண்டும் தெரிந்துவிட்டால் அகராதியே பார்க்க வேண்டாம். பழுப்புத்தாள் சார் சொன்ன மிட்டாய்க்கடை வால் இதுதான். ரஷ்யப் பலகையின் ‘ஸ்கயா’ இந்த மொழியில் ‘எயோ’ ஆகிவிட்டது. லெர்னெயோ, படிக்கிற இடம், பள்ளிக்கூடம். குயிரெயோ, சமைக்கிற இடம், அடுப்படி.

இல்லாத சொல்லை நாமே செய்யலாம், கேட்பவருக்குப் புரியும். தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. இந்தச் சுதந்திரம் எனக்கு ஆங்கிலத்தில் இருபது வருடமாகக் கிடைக்கவில்லை.


பழுப்புத்தாள் | பிற்பகல் 2.10

//பெயரடைக்கும் ‘கள்’, பெயரடைக்கும் ‘ஐ’! எளிய மொழி செய்ய உட்கார்ந்தவருக்கு இது எதற்கு?//

கல்வெட்டு, நீங்கள் சரியான இடத்தில் கை வைத்தீர்கள். இதே குறையை அந்த மனிதரே நீக்கப் பார்த்தார் தெரியுமா? 1894-இல் ஒரு சீர்திருத்தத் திட்டம் போட்டார். தலையில் தொப்பி மாதிரிக் குறி வைத்த எழுத்துகளை எடுத்துவிடலாம், பெயரடைக்கு இந்த ‘ய்’, ‘ன்’ எல்லாம் வேண்டாம் என்று பல மாற்றங்கள். அப்போது நூரம்பெர்க்கிலிருந்து ஒரு பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அதன் சந்தாதாரர்களிடம் ஓட்டுக்கு விட்டார். பெரும்பான்மை ‘மாற்றாதே’ என்றது. சரி என்று தன் திட்டத்தைத் தானே மடித்து வைத்துவிட்டார்.

இதன் அருமை தெரிய வேண்டுமென்றால் பக்கத்து வீட்டையும் பார்க்க வேண்டும். எஸ்பெராண்டோவுக்கு முன்னால் வோலப்யூக் என்று ஒரு செயற்கை மொழி கொடிகட்டிப் பறந்தது. ஷ்லேயர் என்ற ஜெர்மன் பாதிரியார் செய்தது. 1880-களில் ஐரோப்பா முழுக்கச் சங்கங்கள், பத்திரிகைகள். 1889-இல் பாரிஸில் மூன்றாவது மாநாடு. மொழியைக் கொஞ்சம் எளிமையாக்கலாம் என்று கெர்க்ஹோஃப்ஸ் என்பவர் தலைமையில் ஒரு கூட்டம் கேட்டது. பாதிரியாரோ என் மொழி, கடைசி முடிவு என்னுடையது என்று நின்றார். சண்டை. சில வருடத்துக்குள் கூடாரம் காலி. நூரம்பெர்க் வோலப்யூக் சங்கம் அந்த மாநாட்டுக்கு முன்பே அப்படியே எஸ்பெராண்டோவுக்கு மாறியிருந்தது.

முதல் புத்தகத்திலேயே சாமென்ஹோஃப் எழுதிவைத்துவிட்டார்: சர்வதேச மொழியும் மற்ற மொழிகளைப் போலச் சமூகத்தின் சொத்து, ஆசிரியர் தன் உரிமைகளையெல்லாம் என்றைக்குமாக விட்டுவிடுகிறார் என்று. சீதனப் பணத்தைப் போட்டு அச்சடித்த புத்தகத்தில் இப்படி ஒரு வரி! மொழி அழகா, எளிதா என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான். பெற்ற பிள்ளையைத் தெருவுக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றாரே, அதற்காகத்தான் வருஷா வருஷம் ஆல்பத்தைத் திறக்கிறேன்.

1907-இல் சிலர் மாற்றங்கள் செய்து ‘ஈடோ’ என்று பிரிந்து போனார்கள். தலைவர்கள் பலர் போனார்கள், கூட்டம் இங்கேயே நின்றுவிட்டது. குறைகளைத் திருத்திய மொழியைவிடக் குறைகளோடு இருந்த மொழியே பிழைத்ததை நீங்கள்தான் விளக்க வேண்டும்.


கல்வெட்டு | பிற்பகல் 3.00

விளக்கம் சுலபம். பேசுகிறவர்கள் சேர்ந்துவிட்டால் மொழியின் குறை அவர்களுக்கு ஊர்ப் பழக்கம் மாதிரி. தமிழில் பத்து, இருபது, முப்பது என்று ஒழுங்காக எண்ணிக்கொண்டு போய், தொண்ணூறை மட்டும் நூறோடு சேர்த்துக் குழப்பி வைத்திருக்கிறோம். யாராவது திருத்துகிறோமா?

1894 ஓட்டெடுப்பு விவரம் எனக்குத் தெரியாது. நன்றி.


செங்கல்சூளை | பிற்பகல் 4.25

அந்த 1927 தபால்தலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழுப்புத்தாள் அதைத் தொட்டுவிட்டு மேலே போய்விட்டார்.

தலை அச்சடித்த அதே அரசு 1937, 38-இல் எஸ்பெராண்டோக்காரர்களைத் தேடித் தேடிப் பிடித்தது. வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதுகிறவன் உளவாளி, அவ்வளவுதான் குற்றம். சோவியத் எஸ்பெராண்டோ இயக்கத்தின் தலைவராக இருந்த எர்னஸ்ட் த்ரேசனையும் 1937-இல் சுட்டுக் கொன்றார்கள். உங்கள் ஆல்பத்தில் அந்தத் தலைக்குப் பக்கத்தில் இதையும் எழுதி வையுங்கள்.

மேற்கே ஹிட்லருக்கு இது யூதன் உலகத்தை ஆளச் செய்த மொழி. சாமென்ஹோஃப் 1917-லேயே வார்சாவில் இறந்துவிட்டார், நல்லவேளை. பிள்ளைகள் மூன்று பேர். மகன் ஆதாம், அவரும் கண் மருத்துவர், 1940-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். மகள்கள் சோஃபியாவும் லிதியாவும் 1942-இல் த்ரெப்ளிங்கா என்ற நாஜிக் கொலை முகாமில். லிதியா ஊர் ஊராகப் போய் எஸ்பெராண்டோ கற்பித்தவர், அமெரிக்காவில் இருந்துவிட்டு 1938-இல் போலந்துக்குத் திரும்பியவர். வார்சாவில் அவர்கள் அப்பா குடியிருந்த தெருவுக்கு அவர் பெயரையே வைத்திருந்தார்கள். அந்தச் சாமென்ஹோஃப் தெரு, நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோவுக்குள் இருந்தது. யூதர்களை ரயிலேற்றக் கூட்டிக்கொண்டு போனது அந்தத் தெரு வழியாகத்தான்.

இதைப் படித்த பிறகு ‘தோற்றுப்போன மொழி’ என்று சிரிக்க எனக்கு வாய் வரவில்லை. இரண்டு சர்வாதிகாரிகள் ஒரே நேரத்தில் பயந்த பொழுதுபோக்கு வேறு எது?

அப்புறம் ஈயப்பாத்திரத்துக்கு. கோப்பையைக் கொடுத்தாகிவிட்டது என்கிறீர்கள். 1920-களில், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தில் பாரசீகம், இந்தியா, சீனா, ஜப்பான் பிரதிநிதிகளெல்லாம் சேர்ந்து பள்ளிக்கூடங்களில் எஸ்பெராண்டோ கற்பிக்கலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். சங்கத்து அதிகாரியான ஜப்பான்காரர் நிடோபே இனாசோ 1921-இல் பிராக் எஸ்பெராண்டோ மாநாட்டுக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து நல்லபடியாக அறிக்கை கொடுத்தார். முட்டுக்கட்டை போட்டது பிரான்ஸ். உலகப் பொதுமொழி ஏற்கெனவே இருக்கிறது, அது பிரெஞ்சுதான் என்பது அவர்கள் எண்ணம். 1922-இல் பிரெஞ்சுக் கல்வி அமைச்சர் பள்ளிக்கூடக் கட்டடங்களில் எஸ்பெராண்டோ வகுப்பே நடத்தக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். அப்போது அந்தக் கோப்பை பிரான்ஸ் கையில் இருந்தது. இப்போது எங்கே இருக்கிறது?


ஈயப்பாத்திரம் | மாலை 5.10

தெருவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் தட்ட முடியவில்லை. காலையில் கேலியாக எழுதியதற்காக வருந்துகிறேன்.

இருந்தாலும் கேள்வி கேள்விதான். நல்ல மனிதர் செய்தார், பாவிகள் கொன்றார்கள் என்பதால் மொழி பயனுள்ளதாகிவிடுமா? யாராவது இதை வைத்து நிஜமாக ஏதாவது செய்திருக்கிறீர்களா? ஒரு டீ வாங்கியிருக்கிறீர்களா?


ரயில்சிநேகம் | மாலை 6.45

டீ வாங்கவில்லை. சூப் குடித்தேன்.

நான் போலந்தில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். பியாலிஸ்டாக் போயிருக்கிறேன். அவர் பிறந்த வீடு இப்போது இல்லை. தெருவுக்கு அவர் பெயர், ஒரு மார்பளவுச் சிலை, அவர் பெயரில் ஒரு பண்பாட்டு மையம். 2009-இல் அவருடைய 150-ஆவது பிறந்தநாளுக்கு உலக மாநாட்டை அந்த ஊரிலேயே வைத்தார்களாம். நான் போன அன்று மழை. சிலையின் மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, ஜலதோஷம் பிடித்தவர் மாதிரி நின்றார். அவ்வளவுதான் பியாலிஸ்டாக்.

சூப் கதை வேறு ஊரில், விரோட்ஸ்வாஃபில். எஸ்பெராண்டோக்காரர்களிடம் ‘பஸ்போர்ட்டா செர்வோ’ என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. 1970-களிலிருந்து நடக்கிறது. வீட்டில் விருந்தாளியைத் தங்கவைக்கச் சம்மதிப்பவர்களின் பட்டியல் அது. காசு கிடையாது. ஒரே நிபந்தனை, நீங்கள் எஸ்பெராண்டோ பேச வேண்டும். அறை வாடகை மிச்சம் என்று கணக்குப் போட்டுத்தான் நான் மொழியையே படித்தேன், மூன்று மாதம். உயர்ந்த இலட்சியமெல்லாம் ஒன்றுமில்லை.

கதவைத் திறந்தது எழுபது வயது தாண்டிய ஒரு அம்மா. ரயில்வேயில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். எனக்குப் போலிஷ் கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான். அவருக்கு ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. மேசையில் புளித்த மாவு போட்ட சூப், அதில் பாதி முட்டை. ‘மாஞ்சு’ என்றார். சாப்பிடு. தட்டு காலியாகும்போதெல்லாம் ‘மாஞ்சு, மாஞ்சு’. எங்கள் அப்பத்தாவுக்கு அப்புறம் என்னை இப்படி யாரும் மிரட்டிச் சோறு போட்டதில்லை.

அப்புறம் பேச ஆரம்பித்தோம். நான் ‘ன்’ விட்டுவிட்டுப் பேசினேன், அவர் ஒவ்வொரு தடவையும் விரலை உயர்த்தி ‘ன்!’ என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே ஒரு ‘ன்’னை விட்டார். நான் விரலை உயர்த்தினேன். அந்த அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

ஆபீஸில் ஆங்கிலக்காரரோடு பேசும்போது நான் எப்போதும் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவன். அவர் தப்பாகப் பேசினால் அது புது வழக்கு, நான் பேசினால் தப்பு. அன்றைக்கு அந்த மேசையில் இரண்டு பேருமே வெளியூர்க்காரர்கள். அவர் தன் தாய்மொழியை விட்டுவிட்டுப் பாதி வழி வந்தார், நான் பாதி வழி போனேன். 1905-இல் பிரான்ஸில் பூலோன் என்ற துறைமுக ஊரில் முதல் மாநாடு கூடியது, 688 பேர். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அல்ல, ரஷ்யரும் போலந்துக்காரரும் அல்ல, மனிதர்களும் மனிதர்களும் சந்திக்கிறார்கள் என்று சாமென்ஹோஃப் அங்கே பேசினாராம். மேடைப் பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன்.


அரைக்கால்சட்டை | இரவு 7.30

இப்போதுதான் செல்பேசியில் பேசினாலே மொழிபெயர்த்துத் தருகிறதே அண்ணே, அந்தப் பாட்டியிடம் அதை நீட்டியிருக்கலாமே?


ரயில்சிநேகம் | இரவு 7.41

நீட்டியிருந்தால் சூப் கிடைத்திருக்கும் தம்பி, அந்த விரல் கிடைத்திருக்காது.


மூன்றாம்படி | இரவு 8.15

எஸ்பெராண்டோவில் ‘முதலையாடுவது’ என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது, ‘குரோகொடிலி’. எஸ்பெராண்டோக்காரர்கள் கூடியிருக்கும் இடத்தில் இரண்டு பேர் தங்கள் தாய்மொழியில் குசுகுசுவென்று பேசிக்கொண்டால் அது முதலைத்தனம். எந்தத் தேசிய மொழியிலும் இதற்குச் சொல் இல்லை, தேவையும் இல்லை. வாழ்கிற மொழிக்குத்தான் வசவு பிறக்கும். இதைவிட வேறு சான்றிதழ் வேண்டுமா?

இன்னொரு துணுக்கு. பெரும் பணக்காரர் ஜார்ஜ் சோரோஸின் அப்பா திவதார் எஸ்பெராண்டோக்காரர், எழுத்தாளர். 1936-இல் குடும்பப் பெயரை ஷ்வார்ட்ஸ் என்பதிலிருந்து சோரோஸ் என்று மாற்றினார். ‘ஓஸ்’ எதிர்கால விகுதி. ‘சோரோஸ்’ என்றால் உயரப் பறக்கும், பறப்பான், பறப்பார்கள், எல்லாமே. இதில் வினைக்கு அவன் அவள் வேறுபாடு இல்லை. தமிழைவிட எளிது என்று நான் ஒத்துக்கொள்ளும் ஒரே இடம்.


கல்வெட்டு | இரவு 9.00

செங்கல்சூளை சொன்னது வரலாறு, ரயில்சிநேகம் சொன்னது சூப். இரண்டுக்கும் நடுவில் ஒரு சங்கடம் இருக்கிறது. எஸ்பெராண்டோக்காரர்களுக்குள்ளேயே இந்தத் தகராறு உண்டு. உலகம் முழுக்க இரண்டாவது மொழியாக வரும், அந்த ‘இறுதி வெற்றி’க்காக உழைக்க வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம். 1980-இல் பின்லாந்தில் ரௌமா என்ற ஊரில் கூடிய இளைஞர்கள் அதைப் போட்டு உடைத்தார்கள். வெற்றி வருமோ வராதோ, நாமே விரும்பிச் சேர்ந்த ஒரு கூட்டம், ஒரு பண்பாடு, இதை வளர்ப்போம் என்று அறிக்கை விட்டார்கள்.

எனக்கு ரௌமாக்காரர்கள்தான் நேர்மையாகத் தெரிகிறார்கள். ஒரு கோடி வாக்குறுதி வராது. பேசுகிறவர்கள் ஒரு லட்சம் என்பாரும் உண்டு, இருபது லட்சம் என்பாரும் உண்டு. எந்தக் கணக்கானாலும் ஐக்கிய நாடுகள் சபை அசையாது. 1954-இல் யுனெஸ்கோ மோன்டெவிடேயோவில் பாராட்டித் தீர்மானம் போட்டது, பாராட்டோடு சரி.


பழுப்புத்தாள் | இரவு 9.35

நான் ரௌமாவும் இல்லை, இறுதி வெற்றியும் இல்லை. எனக்கு ஒரு கடிதம் போதும் என்ற கட்சி.

1980-களில் ஹங்கேரியில் ஒரு பள்ளி ஆசிரியரோடு எனக்கு ஆறு வருடம் கடிதப் போக்குவரத்து. அவர் மகியார், நான் தமிழ், நடுவில் இந்த மொழி. என் முதல் கடிதத்தை அப்படியே சிவப்பு மையில் திருத்தி, பதிலோடு சேர்த்துத் திருப்பி அனுப்பினார். பதினேழு ‘ன்’ விட்டிருந்தேன். கடைசியில் ‘நல்ல கடிதம்’ என்று ஒரு வரி. கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது. 1987-இல் நூற்றாண்டு மாநாட்டுக்கு வார்சாவுக்குப் போனார், கிட்டத்தட்ட ஆறாயிரம் பேர் கூடியிருந்தார்கள். அங்கிருந்து எனக்கொரு பட அட்டை போட்டார். அட்டையில் இருந்தது மாநாட்டு மண்டபம் இல்லை, சாமென்ஹோஃபின் கல்லறை. ‘தலையின் மேல் பச்சை நட்சத்திரம், காலடியில் அணில்’ என்று எழுதியிருந்தார். பச்சை நட்சத்திரம்தான் எஸ்பெராண்டோவின் சின்னம். அதற்குப் பிறகு கடிதங்கள் குறைந்து நின்றுபோயின. ஏன் என்று கேட்டு நானும் எழுதவில்லை. அந்தத் தப்பு என்னுடையது.

ஈயப்பாத்திரம், அட்டை இன்னும் ஆல்பத்தில்தான் இருக்கிறது. சோவியத் தலைக்குப் பக்கத்தில். செங்கல்சூளை சொன்னபடி 1937 என்று பென்சிலால் எழுதிவிட்டேன்.


ஈயப்பாத்திரம் | இரவு 10.20

சரி, சார். கையெழுத்துப் போடவில்லை. ஆனால் சாயங்காலம் செயலியை இறக்கி மூன்று பாடம் முடித்தேன். என் முதல் வாக்கியம், எல்லாரும் கேளுங்கள்: ‘மி ட்ரிங்காஸ் தேயோ.’ நான் டீ குடிக்கிறேன்.


மூன்றாம்படி | இரவு 10.24

தேயோன்! ‘ன்’ எங்கே?


ஈயப்பாத்திரம் | இரவு 10.31

ஏங்க, தமிழில் நாம் ‘டீயைக் குடிக்கிறேன்’ என்றா சொல்கிறோம்? ‘டீ குடிக்கிறேன்’ என்றுதானே சொல்கிறோம்? ஐ வேண்டிய இடத்தில் போடுவோம், வேண்டாத இடத்தில் விட்டுவிடுவோம். இந்த வசதி இல்லாத மொழிக்குப் பிறந்தநாள் வேறு. 1894-இல் நான் இருந்திருந்தால் டாக்டர் பக்கம் ஓட்டுப் போட்டிருப்பேன்.


ரயில்சிநேகம் | இரவு 10.33

(விரலை உயர்த்துகிறேன்.)


ஈயப்பாத்திரம் | இரவு 10.40

தேயோன். தேயோன். தேயோன். போதுமா? டீ ஆறிவிட்டது.